வன்னிக் காய்ச்சல் – 7: காய்ச்சற்கட்டிக்குள் ஒரு கறுப்புத் துகள்

வன்னியின் காய்ச்சலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் தொடங்கினார்கள். 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய பெரிய கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் உடைந்த குளங்களையும் காடு மூடிய ஊர்களையும் மெலிந்துபோன குடிசனத்தையும் கண்டு எழுதினார். ஊர்ச்சனங்கள் ‘அந்தத் தண்ணி கூடாது’ என்றார்கள். பின்னால் வந்தவர்கள் நுளம்பைச் சொன்னார்கள், டி.டி.ரி. பூச்சிகொல்லித் தெளிப்பைச் சொன்னார்கள், யுத்தத்தைச் சொன்னார்கள். இத்தொடரின் முந்திய பகுதிகளும் அந்த வழியிலேயே குளத்தையும் ஆற்றையும் குடியேற்றத்தையும் சுற்றி வந்தன. அவை எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மலேரியா எனப்படும் குலைப்பன் காய்ச்சலின் சரித்திரம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்திலும் நடந்திருக்கிறது. மனிதர் இந்த நோயை அடையாளம் கண்டதும், அளந்ததும், மருந்தால் வென்றதும், அந்த மருந்து பிறகு கைவிட்டதும் ஆகிய நான்கும் ஒரே செயலைச் சுற்றித்தான் நிகழ்ந்தன என்பதே இப்பகுதியில் நான் நிறுவ முயல்வது. ஒரு கலம் எதையோ விழுங்குகிறது. விழுங்கியதை அதனால் வெளியே தள்ள முடியவில்லை. அந்தச் செயல் அவ்வளவுதான்.

கலம் விழுங்கும் என்பதை உலகம் நம்பியது வெகு காலத்துக்கு முன்பல்ல. 1882 இல் சிசிலித் தீவின் மெசீனா நகரில் ருஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், கண்ணாடிபோலத் தெளிந்த நட்சத்திரமீன் குடம்பி ஒன்றின் உடலில் சிறு முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் பார்த்தார். அலைந்து திரியும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. உடலுக்குள் புகும் அந்நியத்தைத் தின்று தீர்க்கும் கலங்கள் உண்டென்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 1908 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கலங்களை நாம் தின்குழியங்கள் என்கிறோம். தின்குழியத்தின் மென்சவ்வு இரையைத் தொட்டு உணர்ந்ததும் இரு கைகள்போல் நீண்டு அதைச் சுற்றி வளைத்து மூடிக்கொள்கிறது. வெளியே இருந்த பொருள் இப்போது உள்ளே ஒரு பைக்குள் கிடக்கிறது. அந்தப் பையோடு இலைசோசோம் என்ற அமிலப்பை வந்து கலக்கிறது. நொதியங்கள் இரையை உடைக்கின்றன. பயன்பட்டது கலத்துக்குச் சேர, எஞ்சிய சக்கையைச் சுமந்த பை மென்சவ்வோடு ஒட்டித் திறந்து அதை வெளியே கொட்டுகிறது. இலைசோசோமை 1955 இல் கண்டறிந்தவர் பெல்ஜியத்தின் கிறிஸ்தியான் டி டூவ். இந்த உட்கொள்ளலுக்கும் வெளியேற்றத்துக்கும் 1963 இல் பெயர் சூட்டியவரும் அவரே. இரண்டும் சமமாக நடக்கும்வரை கலத்துக்குக் கேடில்லை. உடையாத ஒன்றை விழுங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மலேரியாவைவிடத் தெளிவான பாடம் வன்னி மண்ணில் வேறில்லை.

மலேரியா ஒட்டுண்ணி குடியிருக்கத் தேர்ந்தெடுக்கும் செங்குழியத்தைக் கவனியுங்கள். முதிர்ந்த செங்குழியத்துக்குக் கரு இல்லை, இலைசோசோமும் இல்லை. எதையும் விழுங்கும் ஆற்றலை அது எலும்பு மச்சையை விட்டு வந்த சில நாட்களில் இழந்துவிடுகிறது. வாயில்லாத கலம் அது. ஒட்டுண்ணி அதன் மேற்பரப்பில் ஒட்டித் தன் சொந்த விசையாலேயே உள்ளே திருகி நுழைகிறது. செங்குழியத்தின் சவ்வு உட்குழிந்து அதைப் போர்த்திக்கொள்கிறது. பார்வைக்குச் செங்குழியம் விழுங்கியதுபோலத் தோன்றும். உண்மையில் வேலை முழுவதும் வந்தவனுடையது. தன்னைச் செரிக்கக்கூடிய கலங்கள் நிறைந்த குருதியோட்டத்தில், செரிக்கவே தெரியாத ஒரு கலத்துக்குள் ஒளிந்துகொண்ட பிறகு அந்த ஒட்டுண்ணி தின்னத் தொடங்குகிறது. அதற்குச் சிறு வாய் உண்டு. அந்த வாய்வழியே செங்குழியத்தின் ஈமோகுளோபினைச் சிறு சிறு பைகளாக எடுத்துத் தன் அமிலம் நிறைந்த செரிமானப் புன்வெற்றிடத்துக்குக் கொண்டுபோகிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு செங்குழியத்தின் ஈமோகுளோபினில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். புரதம் உடைந்ததும் எஞ்சுவது ஈம் என்ற இரும்புப் பகுதி. ஒட்டுண்ணிக்கு அது கொடிய நஞ்சு. உடைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் வழியில்லை. ஆகவே அதைக் கரையாத பளிங்குகளாக இறுக்கித் தன் வயிற்றுக்குள்ளேயே அடுக்கி வைக்கிறது. நுணுக்குக்காட்டியில் கறுப்பும் கபிலமும் கலந்த துகளாகத் தெரிவது இதுதான்.

இந்த நோயின் அறிவியல் வரலாற்றில் ஒட்டுண்ணியைவிட அதன் சக்கைதான் முதலில் கண்ணுக்குப் பட்டது. 1847 இல் ஹைன்ரிக் மெக்கல் என்ற ஜெர்மானிய மருத்துவர் இறந்த நோயாளி ஒருவரின் குருதியிலும் மண்ணீரலிலும் கறுப்புத் துகள்களைக் கண்டார். அது உடலே உண்டாக்கிய நிறமி என்றே பலகாலம் நம்பப்பட்டது. 1880 இல் அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரில் அல்போன்ஸ் லாவெரான் அந்தத் துகள்களைச் சுமந்துகொண்டு அசையும் உயிர்களைக் கண்டு, நிறமி உடலுடையதல்ல, உள்ளே வாழும் ஒன்றின் எச்சம் என்று உணர்ந்தார். பிறகு 1897 ஆகஸ்ட் 20 ஆம் திகதி, செகந்திராபாத்தில் றொனால்ட் றொஸ் காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்பு ஒன்றை அறுத்து அதன் இரைப்பைச் சுவரை நோக்கினார். அங்கே சில வட்டக் கலங்கள் தெரிந்தன. நுளம்பின் வயிற்றில் எத்தனையோ கலங்கள் இருக்கலாம். இவைதாம் மலேரியாவின் கலங்கள் என்று அவர் சொன்னது எதை வைத்து? அவற்றுக்குள் அதே கறுப்புத் துகள்கள் கிடந்தன. மனிதக் குருதியிலிருந்து நுளம்பின் வயிறுவரை தொடர்ந்த தடயம் அந்த எச்சம்தான். நுளம்பே காரணம் என்று நாம் சொல்ல முடிந்ததும் கலத்துக்குள் கிடந்த ஒரு குப்பையின் சாட்சியத்தால் என்பதைக் காய்ச்சலின் வரலாற்றை எழுதுவோர் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

அறிவியல் நுணுக்குக்காட்டியில் கண்டதைத் தமிழர் விரல் நுனியால் அறிந்திருந்தனர். இடப்பக்க விலாவுக்குக் கீழே கல்போலத் தடவுப்படும் வீக்கத்துக்குக் காய்ச்சற்கட்டி என்று பெயர். முறைக்காய்ச்சலில் பலமுறை விழுந்தெழுந்த பிள்ளையின் வயிற்றில் அது இருக்கும். வீங்கியிருப்பது மண்ணீரல். குருதியைச் சலிக்கும் அந்த உறுப்பில் தின்குழியங்கள் அடர்ந்திருக்கின்றன. செங்குழியம் வெடித்து ஒட்டுண்ணியின் குஞ்சுகள் சிதறும்போது அந்தக் கறுப்புத் துகளும் குருதியில் கொட்டுகிறது. உடல் குலைந்து நடுங்கும் நேரமும் அதுவே. ஒன்றுவிட்ட ஒரு நாள் அந்த நடுக்கம் திரும்புவது நாற்பத்தெட்டு மணி நேரக் கணக்கின் விளைவு. துகளையும் துகள் சுமந்த செங்குழியங்களையும் மண்ணீரலின் தின்குழியங்கள் விழுங்குகின்றன. விழுங்கிய பளிங்கு உடைவதில்லை. இலைசோசோமின் அமிலம் அதைத் தொடுவதில்லை. ஒட்டுண்ணியால் வெளியேற்ற முடியாத சக்கை இப்போது நம்முடைய கலத்தால் வெளியேற்ற முடியாத சுமையாகிறது. மாதக்கணக்கில் அது அங்கே தங்கும். அடுத்த காய்ச்சலில் மேலும் சேரும்; தின்னும் கலங்களும் பெருகும்; மண்ணீரல் கறுத்துப் பருக்கும். காய்ச்சற்கட்டி என்பது தின்று களைத்த கலங்களின் குவியல்.

இதே மண்ணீரலில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சொல்லாமல் கடக்க மனமில்லை. அங்குள்ள நுண்ணிய இடுக்குகளூடாகச் செங்குழியம் நெளிந்து வெளியேற வேண்டும். வளையும் உடல் நழுவிப் போய்விடும். உள்ளிருக்கும் விறைத்த ஒட்டுண்ணி இடுக்கில் சிக்கிக்கொள்ளும். செங்குழியம் உடையாமலே, பழத்திலிருந்து கொட்டையைப் பிதுக்கினாற்போல, ஒட்டுண்ணி மட்டும் பிடுங்கி எடுக்கப்படும். தன்னால் வெளியேற்ற இயலாத கலத்துக்காக ஓர் உறுப்பு வெளியேற்றிக் கொடுக்கிறது. ஆட்டிசுனேற் என்ற மலேரியா மருந்து பெற்றவரின் குருதியில், ஒட்டுண்ணி இருந்து போன தடம் மட்டும் கொண்ட செங்குழியங்கள் சுற்றிவருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சவ்வின் ஒரு பகுதியை இழந்த அவை சில வாரங்களில் உடைந்து, சிலருக்குத் தாமதமான சோகையை உண்டாக்கும். பிழைத்த கலமும் முழுமையாகப் பிழைக்கவில்லை.

மண்ணீரலைத் தடவி ஓர் ஊரின் காய்ச்சலை அளக்கலாம் என்று 1840களில் கண்டவர் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளை ஆராய்ந்த டெம்ப்ஸ்டர். பாசனம் காய்ச்சலைக் கொண்டுவருமா என்பது அவருக்கு இடப்பட்ட கேள்வி. வன்னிக்கும் அதே கேள்விதான். இலங்கையிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தடவி, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று கணக்கெடுத்தார்கள். உலர்வலயம் முழுவதையும் தீராக் காய்ச்சல் பூமியென்று வரைபடத்தில் குறித்தது அந்தக் கணக்குத்தான். இந்த அளவுகோலை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. தலசீமியா போன்ற குருதி நோய்களிலும் ஈரல் நோயிலும் மண்ணீரல் பெருக்கும். தடவும் கை மாறினால் எண்ணும் மாறும். தனியொரு பிள்ளைக்கு அது தீர்ப்பாகாது. ஆனால் ஓர் ஊரின் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கட்டி இருக்குமானால் இங்கே வேறெந்த நோயாலும் அதை எளிதில் விளக்க முடியாது. பின்னால் உலக சுகாதார நிறுவனம் மலேரியாப் பிரதேசங்களைத் தரம் பிரித்தபோது இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் மண்ணீரலையே அளவாகக் கொண்டது. ஓர் ஊரின் காய்ச்சற் கணக்கை அதன் பிள்ளைகளின் தின்குழியங்கள் எழுதி வைத்திருந்தன. அதிகாரிகள் அதை வாசித்தார்கள்.

இனி, என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். கலம் எங்கும் ஒன்றுதானே? யாழ்ப்பாணத்தான் மண்ணீரலும் முல்லைத்தீவான் மண்ணீரலும் ஒரே விதமாகத்தான் விழுங்கும். வன்னியைக் காய்ச்சல் பூமியாக்கியது மாரி ஓய்ந்து ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் தெளிந்த குட்டைகளும், அவற்றில் பெருகும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பும், வைத்தியசாலை எட்டாத தூரமும் அல்லவா? ஆம், அவைதான். ‘ஏன் இங்கே’ என்ற கேள்விக்குக் கலத்தில் விடையில்லை. ஆனால் ‘இங்கே இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள்’ என்ற கேள்வி ஒன்று உண்டு. 1934–35 ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மாபெரும் கொள்ளைக் காய்ச்சலில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகிய அந்த ஆண்டில் பேரழிவு நேர்ந்தது கேகாலை, குருநாகல் பக்கம். ஆண்டுதோறும் காய்ச்சல் படிந்திருந்த உலர்வலயத்தில் அல்ல. காய்ச்சலோடு வாழ்ந்த ஊர்களில் பெரியவர்களின் உடல் அதைக் கண்டறிந்து விழுங்கப் பழகியிருந்தது. குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் ஒட்டுண்ணியில் ஒட்டி அடையாளமிட, தின்குழியங்கள் விரைந்து தின்றன. அந்தப் பழக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். ஐந்து வயதைத் தாண்டாமல் இறந்தவர்களும், சோகையால் வெளிறி வயிறு முன்தள்ளி வளர்ந்தவர்களுமாக ஒவ்வொரு தலைமுறையும் அந்த எதிர்ப்பைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. வன்னியில் குடிசனம் பெருகாததற்கும், இருந்தவர்கள் முற்றாக அழிந்துபோகாததற்கும் ஒரே காரணத்தைத் தேடினால் இந்தக் கலப்போரில்தான் அது கிடைக்கும். வெளியிலிருந்து வந்தவர் ஒரு பருவத்திலேயே படுக்கையில் விழ, ஊரவர் நடுங்கிவிட்டு எழுந்து வயலுக்குப் போனார்கள். தண்ணி கூடாது என்ற சொல்லில் இருந்த உண்மையும் அதுதான். கூடாமற்போனது வந்தவரின் உடல்.

1946 அளவில் டி.டி.ரி. தெளிப்பு தீவெங்கும் பரவியது. அதே காலத்தில் குளோரோகுயின் வந்தது. 1934 இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் அன்டர்சாக் ஆக்கிய இந்த மருந்து யுத்தம் முடிந்தபின் உலகெங்கும் சென்றது. அதன் வேலை நாம் மேலே பார்த்த அதே புன்வெற்றிடத்தில் நடக்கிறது. மின்னேற்றமில்லாத குளோரோகுயின் சவ்வுகளை எளிதில் கடந்து ஒட்டுண்ணியின் அமில வயிற்றுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் அமிலத்தில் மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. இனி அது சவ்வைத் திரும்பக் கடக்க முடியாது. கூட்டு வலைக்குள் புகுந்த இறால் வந்த வழியே திரும்ப முடியாததுபோல. வெளியே உள்ளதைவிடப் பல நூறு மடங்கு அங்கே சேர்ந்து, ஈம் பளிங்காகாமல் தடுக்கிறது. பளிங்காகாத ஈம் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. சக்கையை வெளியேற்றத் தெரியாததே இந்த உயிரின் பலவீனம். குளோரோகுயின் தொட்டது அந்த இடத்தைத்தான். 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா பதிவாயிற்று. வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் குடியேற்றங்களாகி, காட்டுக்குப் பயந்து வராதிருந்தவர்கள் மண்வெட்டியோடு வந்து வரம்பு கட்டியது இந்த ஆண்டுகளை ஒட்டித்தான்.

வெற்றி நிலைக்கவில்லை. தெளிப்பும் கண்காணிப்பும் தளர, 1960களின் இறுதியில் ஆண்டுக்கு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். 1984 இல் இலங்கையில் குளோரோகுயினுக்குப் பணியாத பல்சிபாரம் என்ற வகை ஒட்டுண்ணி அறியப்பட்டது. ஏன் பணியவில்லை என்பது 2000 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. புன்வெற்றிடச் சவ்வில் இருக்கும் ஒரு கடத்திப் புரதம் மாறிப்போயிருந்தது. அடைபட்ட குளோரோகுயினை அது வெளியே தள்ளக் கற்றுக்கொண்டது. சக்கையை வெளியேற்றத் தெரியாத ஒட்டுண்ணி மருந்தை வெளியேற்றத் தெரிந்துகொண்டது. இதற்கும் விலை உண்டு: அந்தத் திறந்த வாசல் ஒட்டுண்ணியின் செரிமானத்தையே குழப்புகிறது. மலாவி நாடு 1993 இல் குளோரோகுயினைக் கைவிட்டபோது, பத்தாண்டுகளுக்குள் மருந்துக்குப் பணியும் ஒட்டுண்ணிகளே அங்கு மீண்டும் மேலோங்கின. இலங்கையில் பெரும்பாலான காய்ச்சலுக்குக் காரணமான விவாக்ஸ் என்ற இன்னொரு வகை ஒட்டுண்ணி குளோரோகுயினுக்குத் தொடர்ந்து பணிந்தது. அந்த ஒரு நல்வாய்ப்பு இல்லாதிருந்தால் 1990களின் வன்னியை நினைத்துப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த மக்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். மறு ஆண்டு கிளிநொச்சியும் பெயர்ந்தது. மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் உறங்கியவர்களுக்கு மருந்து தெளிக்கச் சுவரே இல்லை. அவர்களிற் பலருக்கு இந்தக் காய்ச்சலின் பழக்கமும் இல்லை. 1999 இல் நாடெங்கும் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு மலேரியா கண்டது. அதிகம் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இருந்தன.

2012 ஒக்டோபருக்குப் பின் இலங்கையில் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. இந்த ஒழிப்பைச் செய்தது தெளிப்பும் மருந்தூட்டிய வலையும்தான், கலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தெளிப்பின் பங்கு பெரிது. ஆனால் தெளிப்பால் வந்த 1963 இன் வெற்றி, தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்ததும் கலைந்தது. இரண்டாம் முறை வென்றதற்கு, முன்னரங்குகளுக்கு இருபுறமும் யுத்தத்தின் நடுவிலும் மலேரியா தடை இயக்கத்தின் ஊழியர்கள் விடாமல் எடுத்த குருதிப் பூச்சுகள் காரணம். கண்ணாடித் தட்டில் ஒரு துளி குருதி, அதில் ஒட்டுண்ணியும் அதன் கறுப்புத் துகளும் தெரிகிறதா என்ற தேடல், தெரிந்தால் அந்த ஒருவருக்கு முழு மருந்து. பல்சிபாரத்துக்கு 2008 முதல் ஆட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து; விவாக்ஸுக்குக் குளோரோகுயினோடு பதினான்கு நாள் பிரைமாகுயின்.

பிரைமாகுயின் எதற்கு? விவாக்ஸ் ஈரற் கலத்துக்குள் உறங்கும்; அங்கே அதைக் கொல்லவே இந்த மருந்து. நுளம்பு கடித்ததும் உள்வரும் ஒட்டுண்ணி, ஈரலின் குருதிக் குழாய்களைக் காவல் காக்கும் தின்குழியங்களின் ஊடாகவே துளைத்துக் கடந்து, ஈரற் கலத்துக்குள் தனக்கொரு பையை அமைத்துக்கொள்கிறது. மாதங்கள் கழியும், சிலவேளை ஆண்டே கழியும். அந்தக் கலம் அதைச் செரிப்பதுமில்லை, வெளியேற்றுவதுமில்லை. உறங்கும் இந்த வடிவம் 1980களின் தொடக்கத்தில்தான் கண்ணால் காணப்பட்டது. குருதியைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, துகளும் இருக்காது. யுத்தம் ஓய்ந்தபின் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களையும், வெளிநாடு சென்று மீள்பவர்களையும் மலேரியா தடை இயக்கம் தேடிச் சென்று சோதிப்பதும், காய்ச்சலென்றால் மறுபடி வரச்சொல்வதும் இதனாலேயே. 2018 டிசம்பரில் மொனராகலையில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் விவாக்ஸ், உள்ளூர் நுளம்பு வழியாக இன்னொருவருக்குத் தொற்றியது. கியூலிசிபேசிஸ் இன்னும் வன்னி ஆறுகளில் இருக்கிறது. 2016 இறுதியில் மன்னாரில், கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் ஸ்டெபன்சி என்ற புதிய அனோபிலிஸும் கண்டறியப்பட்டது. வன்னிப் பிள்ளைகளுக்கு இப்போது காய்ச்சற்கட்டி இல்லை. தொற்றை மறிக்கப் பழகிய மண்ணீரலும் அவர்களுக்கு இல்லை. காய்ச்சலோடு வரும் ஒருவரிடம் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டு, விரலில் குத்தி, தட்டில் துளியைப் பரப்பி, அந்தத் துகளைத் தேடும் ஆய்வுகூட ஊழியரின் கண்தான் இப்போது காவலுக்கு நிற்கிறது.